15,000 அடி உயரத்து மனிதாபிமானம்

1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. குறி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். தொட்டிகள் எரிந்தன, குறி தவறியவை ஊருக்குள்ளும் விழுந்தன. அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார்கள். இன்று உயர் நீதிமன்ற மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. "எம்டன்" என்பது சாமர்த்தியக்காரனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஒரு விஷயத்தில் அந்தக் கப்பலைக் குறை சொல்ல முடியாது. உங்கள் நன்மைக்காகத்தான் சுடுகிறோம் என்று அது சொல்லவில்லை. எதிரியின் எரிபொருளைக் கொளுத்த வந்தது, கொளுத்தியது, போனது.

85 வருஷம் கழித்து, 1999 மார்ச் 24 அன்று, நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியா மேல் குண்டு போட ஆரம்பித்தன. கொசோவோவில் இருந்த அல்பேனியர்களை செர்பியப் படைகளிடமிருந்து காப்பாற்றுவதற்காக என்றார்கள். 78 நாள் நடந்தது. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் அனுமதி கிடையாது. காரணம் பொய்யென்றும் தள்ளிவிட முடியாது. அங்கே கொலையும் விரட்டலும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் கொசோவோவைவிட்டு ஓடிய எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் குண்டுவீச்சு தொடங்கிய பிறகு ஓடியவர்கள். போர் முடிந்ததும் இதை ஆராய்ந்த சுயேச்சையான பன்னாட்டு ஆணையம், "சட்டவிரோதம், ஆனால் நியாயமானது" என்ற பொருளில் தீர்ப்பு எழுதியது. பிறகு வந்தவர்கள் "ஆனால்" வரைக்கும் உள்ளதை விட்டுவிட்டு அதற்கப்புறம் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஐ.நா. சாசனத்தின் 2-ஆவது உறுப்பு, 4-ஆம் பத்தி: இன்னொரு நாட்டின் மீது படைபலம் கூடாது. விலக்கு இரண்டே. 51-ஆவது உறுப்பின்படி தற்காப்பு, அல்லது பாதுகாப்பு மன்றத்தின் தீர்மானம். மனிதாபிமானத்துக்கு அங்கே தனியாக வாசல் இல்லை. 2005 ஐ.நா. உலக உச்சி மாநாட்டு ஆவணத்தின் 138, 139-ஆம் பத்திகள் இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச் சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்தும் மக்களைக் காக்கும் பொறுப்பைப் பேசுகின்றன. அங்கேயும் படைபலத்துக்கு வழி பாதுகாப்பு மன்றம்தான். இந்தியாவின் நிலை வசதிக்கேற்ப நகர்ந்திருக்கிறது. 1971-ல் ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்திருந்தபோது கிழக்கு வங்க மக்களின் துயரத்தை ஐ.நா.வில் நாமே காரணமாகச் சொன்னோம். பொதுச் சபையில் 104 நாடுகள் போர்நிறுத்தமும் படை விலக்கமும் கேட்டு வாக்களித்தன, நம் பக்கம் நின்றவை 11. கொசோவோவில் குண்டு விழுந்தபோது எதிர்த்தோம். 2011-ல் லிபியா மீதான 1973-ஆம் எண் தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டோம்.

தாக்குகிறவனின் உள்நோக்கம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் எனக்கு அலுத்துவிட்டது. நோக்கத்தை அளக்கத் தராசு இல்லை. அளக்கக்கூடியவை வேறு இருக்கின்றன: விமானம் பறந்த உயரம், குண்டின் எடை, குறிப்பட்டியலில் இருந்தவை, தாக்கிய பிறகு யாருக்கு வாசல் திறந்தது. நான்கிலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. ஆபத்து யார் தலையில் வைக்கப்பட்டது? காப்பாற்ற வந்தவன் தலையிலா, காப்பாற்றப்பட வேண்டியவன் தலையிலா?

முதலில் எடை. அமெரிக்கப் படையின் சாதாரண 227 கிலோ குண்டில் வெடிபொருள் சுமார் 87 கிலோ, மிச்சம் உருக்கு. அதன் பெரியண்ணன் 900 கிலோ வகுப்பு, அதில் சுமார் 429 கிலோ. வால்பக்கம் ஜிபிஎஸ் கருவி பொருத்தினால், நல்ல நிலைமையில், குறியிலிருந்து ஐந்து மீட்டருக்குள் விழும். "துல்லியத் தாக்குதல்" என்று செய்தியில் வருவது இந்த ஐந்து மீட்டர். குண்டு எங்கே விழும் என்பதுதான் அந்த எண். விழுந்தபின் உருக்குச் சில்லுகள் எவ்வளவு தூரம் பறக்கும் என்பது வேறு கணக்கு, பெரிய குண்டுக்கு அது நூற்றுக்கணக்கான மீட்டர். ராயபுரத்துத் தெருவின் அகலத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவில் ஐந்து மீட்டர் துல்லியம் பக்கத்து வீட்டைக் காப்பாற்றாது. சிறிய குண்டு, வெடிக்கும் கணத்தைத் தாமதப்படுத்தும் ஃபியூஸ், ஆள் நடமாட்டமில்லாத நேரம் ஆகிய மூன்றும்தான் கொஞ்சமாவது காப்பாற்றும். மூன்றுக்கும் தாக்குகிறவனுக்குச் செலவு உண்டு. சிறிய குண்டு போட்டால் குறி அழியாமல் போகலாம், மறுபடி வரவேண்டியிருக்கும். நேரம் பார்த்துக் காத்திருந்தால் எதிரி நகர்ந்துவிடுவான்.

அதைவிட மோசமானது, குண்டின் துல்லியத்தைத் தகவலின் துல்லியம் என்று நினைத்துக்கொள்வது. 1999 மே 7 அன்று பெல்கிரேடில் ஐந்து ஜிபிஎஸ் குண்டுகள் குறித்த கட்டிடத்தில் பிசகாமல் விழுந்தன. கட்டிடம் சீனத் தூதரகம். மூன்று பேர் செத்தார்கள். ஆயுதக் கொள்முதல் நிறுவனம் ஒன்றின் முகவரியை வரைபடத்தில் தவறாகக் குறித்ததால் வந்தது என்றது அமெரிக்கா. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் வெள்ளைக் கார் ஒன்றை மணிக்கணக்கில் அமெரிக்க ட்ரோன் பின்தொடர்ந்தது. ஏற்றிய கேன்கள் வெடிபொருள் என்று எழுதிக்கொண்டார்கள். ஏவுகணை குறி தவறவில்லை. செத்த பத்துப் பேரில் ஏழு பேர் குழந்தைகள். கேன்களில் இருந்தது தண்ணீர். ஒப்புக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது. கோடையில் நம்ம தெருவில் குடமும் கேனும் வரிசையில் நிற்கிற காட்சி மேலேயிருந்து எப்படித் தெரியுமோ!

அடுத்தது உயரம். கொசோவோப் போரின் முதல் வாரங்களில் நேட்டோ விமானிகள் 15,000 அடிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது உத்தரவு. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளுக்கும் சிறு பீரங்கிகளுக்கும் எட்டாத உயரம். அதாவது நாலரை கிலோமீட்டர். அங்கிருந்து டிராக்டருக்கும் ராணுவ வண்டிக்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். ஏப்ரல் 14 அன்று ஜகோவா அருகே டிராக்டர்களிலும் வண்டிகளிலும் போய்க்கொண்டிருந்த அல்பேனிய அகதிகளின் வரிசையை ராணுவ வரிசை என்று நினைத்து அடித்தார்கள். 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். யாரைக் காப்பாற்றப் போனார்களோ அதே ஜனங்கள். அதன்பிறகு உயர வரம்பு தளர்த்தப்பட்டது, குறியை அடையாளம் காணும் விமானங்கள் கீழே இறங்க அனுமதி வந்தது. அப்படியானால் முதலிலேயே இறங்கியிருக்கலாம். இறங்கினால் விமானி சாகலாம், தன் நாட்டில் ஆதரவு குறையும். போர் முடிந்தபோது சண்டையில் இறந்த நேட்டோ வீரர் ஒருவர்கூட இல்லை. குண்டில் இறந்த பொதுமக்கள் சுமார் 500 என்று மனித உரிமை அமைப்பு கணக்கிட்டது. இந்த இரண்டு எண்ணும் தற்செயலாக அமைந்தவை அல்ல. முதல் எண்ணைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளக் கொடுத்த விலையில் ஒரு பகுதி இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

மூன்றாவது, குறிப்பட்டியல். வடசென்னையில் இருப்பவர்கள் இதை நிதானமாகப் படிக்கவேண்டும்.

பெல்கிரேடுக்குக் கொஞ்சம் தள்ளி பான்செவோ என்று ஒரு ஊர். அங்கே ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை, பெட்ரோ ரசாயன ஆலை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். மணலி ஞாபகம் வருகிறதா? அதே சேர்க்கை, ஏறக்குறைய அதே மாதிரி நகரத்தின் விளிம்பு. 1999 ஏப்ரலில் நேட்டோ அதை அடித்தது, எதிரியின் எரிபொருளை நிறுத்துவதற்காக. பிறகு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு போய்ப் பார்த்தபோது, 2,100 டன் எத்திலீன் டைகுளோரைடும் எட்டு டன் பாதரசமும் ஆலையிலிருந்து வெளியேறியிருந்தன. வினைல் குளோரைடு எரிந்து புகையாகப் போயிருந்தது. உரத் தொழிற்சாலையில் அம்மோனியாத் தொட்டி அடிபட்டு வெடித்துவிடக்கூடாது என்று ஊழியர்களே அம்மோனியாவைக் கால்வாயில் திறந்துவிட்டார்கள். கால்வாய் போய்ச் சேருவது டான்யூப் நதியில்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். அது ஒரு குழாய்க் கசிவு மட்டும். குண்டு விழுந்திருந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையா? ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறையில் 56-ஆவது உறுப்பு, உடைந்தால் பேரழிவு தரும் அமைப்புகளைத் தாக்கக்கூடாது என்கிறது. பட்டியலில் இருப்பவை அணை, கரைக்கட்டு, அணுமின் நிலையம். கல்பாக்கத்துக்கு இடமுண்டு, மணலிக்கு இல்லை. ரிஃபைனரியை அடிக்கலாமா கூடாதா என்பது 51, 57-ஆவது உறுப்புகளின் பொதுவான "அளவு மீறாமை" விதிக்குள் போய்விடும். எதிர்பார்க்கும் ராணுவ லாபத்தைவிடப் பொதுமக்களுக்கு வரும் கேடு மிகையாக இருக்கக்கூடாது என்பது விதி. எடை போடுகிறவன் குண்டு போடுகிறவன். அந்த நெறிமுறையில் அமெரிக்கா சேரவில்லை, இந்தியாவும் இலங்கையும் சேரவில்லை.

மின்சாரம் இன்னொரு கதை. 1999 மே 2 இரவு நேட்டோ கார்பன் இழைகளைத் தூவும் குண்டுகளைப் போட்டது. இழைகள் மின்கம்பிகளில் படிந்து ஷார்ட் சர்க்யூட் ஆகி செர்பியாவின் 70 விழுக்காடு இருளில் மூழ்கியது. யாரையும் கொல்லாத ஆயுதம் என்று பெருமை பேசினார்கள். சீக்கிரம் சரிசெய்துவிட்டார்கள் என்பதால் மே கடைசியில் நிஜ குண்டுகள் வந்தன, பெல்கிரேடில் குடிதண்ணீரும் முடங்கியது. அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தை "இரட்டைப் பயன்" என்று ஒருவர் பட்டியலில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ராணுவத்துக்கும் கரண்டு போகிறது, ஆகவே குறி. கரண்டு நின்றால் காட்டுப்பள்ளிக் கடல்நீர் ஆலை நிற்கும். உப்புநீரைச் சவ்வு வழியே தள்ள 1,000 லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் தேவை, ஜெனரேட்டரில் ஓட்டுகிற வேலை இல்லை அது. கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன் நிற்கும். கொடுங்கையூருக்குப் போகவேண்டியது வியாசர்பாடி மேன்ஹோல் வழியாக மேலே வரும். ஸ்டான்லியில் ஜெனரேட்டர் டீசல் இருக்கும்வரை ஓடும், டீசல் வரவேண்டிய மணலியும் அதே பட்டியலில் இருக்கிறது. அடுத்த ஒரு மாதத்தில் வயிற்றுப்போக்கில் சாகிற குழந்தையை எந்தத் தாக்குதல் கணக்கிலும் எழுதமாட்டார்கள். 1991-ல் ஈராக்கில் மின் நிலையங்களை அடித்தபின் நடந்தது இந்த வரிசையில்தான்.

இனி நம்மை நேராகத் தொடுகிற இரண்டு சம்பவங்கள்.

1987 மே 26-ல் வடமராட்சியில் இலங்கைப் படை பெரிய தாக்குதல் தொடங்கியிருந்தது. ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 படகுகளில் இந்தியா நிவாரணப் பொருள் அனுப்பியது, இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூருவிலிருந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்துக்கு மேலே சுமார் 25 டன் பொருளைப் போட்டன. பூமாலை என்று பெயர். அன்று நம்மில் மகிழாதவர் குறைவு. கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். 1981 கணக்கெடுப்பில் யாழ் மாவட்டத்தில் ஏழு லட்சத்துக்கும் மேல் மக்கள். ஏழு லட்சம் என்றே வைத்தாலும் தலைக்கு 36 கிராம், ஒரு கைப்பிடி அரிசிகூட வராது. பசிக்காகப் போடப்பட்டதில்லை அது, கொழும்பின் வான்வெளிக்குள் எங்களால் வரமுடியும் என்று காட்டப் போடப்பட்டது. காட்டியதற்குப் பலனும் கிடைத்தது, ஜூலை 29-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதிப்படை போனது. அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்தில் போரிட்டுக்கொண்டிருந்தது. 21, 22 தேதிகளில் யாழ் மருத்துவமனைக்குள் மருத்துவர், செவிலியர், நோயாளி என்று 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சுமார் 1,200 இந்திய வீரர்களும் மொத்தத்தில் உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. சோற்றுப் பொட்டலத்தில் ஆரம்பித்தது மருத்துவமனை வார்டில் போய் நின்றதற்கு மூன்றாண்டுகூட ஆகவில்லை, நாலரை மாதம்தான்.

இரண்டாவது 2009. வன்னிப் போரை இலங்கை அரசு அழைத்த பெயரே "மனிதாபிமான நடவடிக்கை". புலிகளிடமிருந்து பணயக்கைதிகளை மீட்கிறோம் என்றது. 2011-ல் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட அறிக்கைக்குத் தலைப்பும் அதுதான். முறையைப் பாருங்கள். ஜனவரியில் சுமார் 35 சதுர கிலோமீட்டரைத் தாக்குதலற்ற பகுதி என்று அறிவித்து மக்களை அங்கே வரச் சொன்னது. பிப்ரவரி 12-ல் கடலோரமாக 14 சதுர கிலோமீட்டர் அளவில் இன்னொன்று. மே 8-ல் அதைவிடச் சின்னதாக மூன்றாவது. மூன்றுக்குள்ளும் எறிகணை விழுந்தது. மருத்துவமனைகள் இருந்த இடம் ராணுவத்துக்குத் தெரிந்தேதான் இருந்தது, புதுக்குடியிருப்பு மருத்துவமனை மறுபடி மறுபடி அடிபட்டது. புலிகள் மக்களைக் கேடயமாக்கியதையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் இதையெல்லாம் பதிவு செய்த ஐ.நா. நிபுணர் குழு தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது, அதை மறைத்துவிட்டு இதைப் பேசக்கூடாது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது அந்தக் குழு.

அந்த ஜனவரி 29-ல் சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் தீக்குளித்தார். கொளத்தூரிலிருந்து மூலக்கொத்தளம் வரை போன ஊர்வலத்தை வடசென்னை மறக்கவில்லை. 1939-ல் மொழிக்காகச் செத்த நடராசனும் தாளமுத்துவும் இருக்கிற அதே இடுகாடு. அன்று தெருவில் நின்ற எல்லோரும் கேட்டது, உலகம் தலையிட்டு நிறுத்தட்டும் என்பது. ஒரே வருஷத்தில், கொன்றவனும் மனிதாபிமானம் என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினான், அழுதவனும் அதையே கேட்டான். அதனால்தான் எல்லாத் தலையீடும் ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை.

ருவாண்டா அவர்களுக்கான பதில். 1994 ஏப்ரல் முதல் சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே, ஏப்ரல் 21-ல், பாதுகாப்பு மன்றம் அங்கிருந்த சுமார் 2,500 ஐ.நா. வீரர்களை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. இங்கே குண்டு தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கொல்லவேண்டியவர்களைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு வானொலி. விமானத்திலிருந்து அந்த அலைவரிசையை முடக்கலாமா என்று அமெரிக்காவில் யோசனை வந்தது. ஒரு மணி நேரப் பறப்புக்குச் சுமார் 8,500 டாலர் ஆகும், சட்டச் சிக்கலும் உண்டு என்று கைவிட்டார்கள். தரையில் ஆள் நிற்பது, வானொலியை அடக்குவது, எல்லையைத் திறப்பது ஆகிய வழிகள் வெளிச்சத்துக்கு வருவதே இல்லை. ஒன்றும் செய்யாதிருப்பது, அல்லது மேலேயிருந்து அடிப்பது, இந்த இரண்டைத்தான் மேஜையில் வைக்கிறார்கள்.

லிபியாவில் மக்களைக் காக்க என்று போன போர்க்கப்பல்கள் மத்தியதரைக் கடலில் நின்ற 2011 மார்ச் கடைசியில், திரிப்போலியிலிருந்து 72 பேருடன் ஒரு ரப்பர் படகு கிளம்பியது. எரிபொருள் தீர்ந்து இரண்டு வாரம் மிதந்தது. உதவி கேட்டு அழைப்பு போயிருந்தது. ஹெலிகாப்டர் ஒன்று வந்து தண்ணீரும் பிஸ்கட்டும் போட்டுவிட்டுத் திரும்பியது. ராணுவக் கப்பல் ஒன்று பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். 63 பேர் செத்தார்கள். காசிமேட்டில் எந்த விசைப்படகுத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்வார், தத்தளிக்கிற படகைப் பார்த்தால் வலையை அறுத்துவிட்டாவது போகணும்.

சிரியா விஷயம் இன்னும் வெளிப்படை. 2017 ஏப்ரலில் கான் ஷேக்கூனில் ரசாயனத் தாக்குதல் நடந்த மூன்றாம் நாள் அமெரிக்கா 59 டோமஹாக் ஏவுகணைகளை ஒரு விமானத் தளத்தின் மேல் ஏவியது. ஒன்றின் விலை பத்து லட்சம் டாலருக்கு மேல், அன்றைய மதிப்பில் ஆறு கோடி ரூபாய்க்குக் குறையாது. இன்னொரு ரசாயனத் தாக்குதல் நடந்ததென்று 2018 ஏப்ரல் 14-ல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் சேர்ந்து 105 ஏவுகணை. அதே நாளில் பிரிட்டன் மூன்று நிபந்தனைகளை வெளியிட்டது: கடுமையான மக்கள் துயரத்துக்கு உலகம் பொதுவாக ஏற்கும் சான்று, வேறு வழி இல்லாமை, தேவைக்கு மேற்படாத அளவும் காலமும். படிக்க நன்றாக இருக்கிறது. ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் ஆய்வாளர்கள் டமாஸ்கஸ் வந்து சேர்ந்ததும் அதே 14-ஆம் தேதிதான். சான்றைப் பார்க்க ஆள் வந்து இறங்குகிற நாளில் தீர்ப்பு நிறைவேற்றப்பட்டுவிட்டது. அந்த நிதியாண்டு முழுவதிலும் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட சிரிய அகதிகள் 62 பேர்.

நான்காவதாகச் சொன்ன வாசல் இதுதான். இப்படி அறிவிப்பு வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இந்தக் கடைசி எண்ணைத்தான். அதே கேள்வியை நம் பக்கம் திருப்பினால் சங்கடம். புழலில் காவாங்கரை முகாம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் இன்னொன்று. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2021-ல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை 1,000-லிருந்து 1,500 ரூபாய் ஆனது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, மாதவரம் பக்கம் பெயிண்ட் அடிக்கப் போகிற பையன் தணிக்கை நாளில் வேலையை விட்டுவிட்டு முகாமில் தலை காட்டவேண்டும்.